சமையலறையின் முதல் கேள்வி

2016 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை, விஸ்கான்சின் மாநிலம் டோர்வால்ட் ஊரின் தீயணைப்புப் படை மண்டபத்தில் வட்டார ஜனநாயகக் கட்சி மன்றத்தின் கோடை விருந்து நடந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் அந்தத் தொகுதிக்குக் கட்சியின் வேட்பாளராக நிற்க விரும்பிய இருவரும் வந்திருந்தார்கள்.

காலையில் தேவாலயம் முடிந்ததும் இரண்டு தீயணைப்பு வண்டிகளையும் வெளியே சரளைத் தரையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அவை நின்ற இடத்தைக் குழாய் போட்டுக் கழுவி, நீள மேசைகளை விரித்திருந்தார்கள். டீசல் வாடை மட்டும் போகவில்லை. அடுப்பிலிருந்து பன்றித்தொடை இறைச்சி வெளியே வரும்வரை அது அங்கேதான் இருக்கும். மண்டபத்தின் ஒரு கோடியில் சமையலறை. இரண்டுக்கும் நடுவே சுவர் நீளத்துக்கு ஒரு பரிமாறும் ஜன்னல். அதற்குச் சுருட்டி ஏற்றுகிற தகர ஷட்டர்.

ஆர்லிஸ் ஹோவ்லண்ட் எட்டு மணிக்கே வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். வாரநாட்களில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மன்றத்தின் விருந்துக்கும் பல வருடங்களாக அவள்தான் பொறுப்பு. பக்கத்தில் லவான் ஸ்கார், பாலாடைக்கட்டிச் சாறு ஊற்றிய உருளைக்கிழங்குத் தட்டுகளை அடுப்புக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். கனத்த உடம்பு, ஓயாத வாய். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

வெளியே வானம் மேற்கே கறுத்திருந்தது. பருவத்தின் முதல் புல்லை அறுத்துக் காயப்போட்ட நேரம். சாப்பிட வந்த ஆண்கள் உட்கார்ந்த பிறகும் நிமிடத்துக்கு ஒருமுறை வாசல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

"மழை வந்தா பாதிப் பேர் எழுந்து ஓடிடுவானுங்க. வேட்பாளர் சுவரப் பார்த்துத்தான் பேசணும்" என்றாள் லவான்.

"காபி குடிக்காம எவனும் போக மாட்டான்" என்றாள் ஆர்லிஸ்.

அந்தக் காபிக்காகவே தொலைவிலிருந்து வருகிறவர்கள் உண்டு. தூளில் முட்டையை ஓட்டோடு உடைத்துப் போட்டு, ஈரமண் பதத்துக்குப் பிசைந்து, எனாமல் கெட்டிலில் கொதிக்கும் தண்ணீரில் விடுவாள். கட்டி மேலே மிதந்து பொங்கிவரும்போது ஒரு குவளை பச்சைத்தண்ணீர் ஊற்றினால் மொத்தமும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே தேன் நிறத்தில் தெளிந்து நிற்கும். அந்த நேரத்திலேயே ஊற்றிவிட வேண்டும். அடுப்பில் விட்டால் கசந்துவிடும்.

கைகள் பழக்கத்தில் வேலை செய்தன. மனசு மட்டும் மண்டபத்தில் மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்த வெர்லின் மேல் இருந்தது.

வெர்லின் அவள் கணவன். முப்பத்தொரு வருடம் பால் வண்டி ஓட்டியவன். பண்ணை பண்ணையாகப் போய்க் குளிர்த்தொட்டியிலிருந்து பாலை உறிஞ்சிக்கொண்டு பாலாடைக்கட்டி ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. மாட்டுக்குப் பனி தெரியாது, மடி நிறைந்தால் கறக்கத்தான் வேண்டும்; கறந்த பாலை எடுக்க ஆள் போய்த்தான் ஆக வேண்டும். ஒரு குளிர்காலத்தில்கூட அவன் ஒரு பண்ணையையும் விட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. இப்போது செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டோர்வால்ட் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் டயாலிசிஸ் மையத்தில் ரத்தம் சுத்திகரிக்கிறார்கள். வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். திரும்பும்போது நடக்க முடியாது. கால் துவண்டுவிடும்.

அந்த மையத்தைத்தான் நவம்பரோடு மூடப்போவதாக அதை நடத்துகிற நிறுவனம் வசந்தகாலத்தில் சொல்லியிருந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் ஓ கிளேர் நகரத்துக்குப் போக வேண்டும். நல்ல நாளிலேயே ஒன்றரை மணி நேர ஓட்டம். பனிக்காலத்தில் அந்தக் குன்றுப் பாதையில் எவ்வளவு நேரமாகும் என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது. வெர்லினைத் தவிர.

ஏப்ரலில் நிறுவனத்திலிருந்து ஓர் ஆள் வந்திருந்தான். நோயாளிகளை நூலகத்தில் உட்காரவைத்து, பெட்டி பெட்டியாக டோனட் வாங்கிவந்து கொடுத்து, ஒவ்வொருவரிடமும் தன்மையாகக் கேட்டான், நகரத்துக்கு வந்துபோவது சிரமமாக இருக்குமா என்று. முதலில் உட்கார்ந்திருந்தது வெர்லின். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே, "சமாளிச்சுக்கலாம்" என்றான். அடுத்தவரும் அதையே சொன்னார். வரிசையாக எல்லோரும் சொன்னார்கள். இந்தப் பக்கத்தில் கால் ஒடிந்து கிடக்கிறவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். கேட்கிறவனுக்குப் புரிந்துவிடும் என்பது இவர்கள் எண்ணம். ஆர்லிஸும் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினாள். வந்தவனுக்கு இன்னொரு டோனட்கூட எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு மே மாதக் கடைசியில் ஒரு நாள், சிகிச்சை முடிந்து அவனைக் கூட்டிக்கொண்டு மருந்துக்கடை வழியாக வண்டி ஓட்டிவரும்போது, வெர்லின் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்.

"பனி விழுந்தப்புறம் நான் போகப்போறதில்ல."

"எங்க?"

"ஓ கிளேருக்கு."

"போகலைன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும். ரெண்டு வாரம்கூட ஆகாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்கா." கொஞ்ச தூரம் போனதும், "அங்க பாரு, எல்ஸ்டாட் வீட்டு மாடு வேலி தாண்டி ரோட்டுக்கு வந்துடுச்சு. போன் பண்ணிச் சொல்லு" என்றான்.

அவள் போன் செய்து சொன்னாள். வீட்டுக்கு வந்து சூப் வைத்தாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் விருந்துக்கு இரண்டு வேட்பாளர்களும் வருகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் ஒரே ஒரு கேள்வியை மனசுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. அது மன்றத்தின் பழைய வழக்கம். முன்னொரு காலத்தில், சமைக்கிறவர்கள் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் வேட்பாளர் பேசி, பதில் சொல்லி, கைகுலுக்கிக் கிளம்பிப் போய்விட்டாராம். உள்ளே இருந்த பெண்கள் ஒருத்தியும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் அவர்கள் யாரும் சமைக்க வரவில்லை. அன்றிலிருந்து ஏற்பாடு மாறியது. பேச்சு தொடங்கும்போது பாத்திரச் சத்தம் கேட்காமல் இருக்க ஷட்டரை இறக்குவார்கள். பேச்சு முடிந்ததும் ஷட்டரை ஏற்றி, முதல் கேள்வியைச் சமையலறை கேட்கும். அதற்குப் பதில் வந்த பிறகுதான் காபியும் அடுப்பில் சுட்ட ஆப்பிள் பையும் மண்டபத்துக்குப் போகும்.

சாப்பாடு தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மன்றத் தலைவர் ஆர்டன் ப்ரெக்கி உள்ளே வந்தான். பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு ஊறுகாய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வாசனை தூக்குகிறது என்றான். பிறகு வேறு திசையைப் பார்த்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தான். மாநிலக் கட்சி அலுவலகத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் நம்மவர்கள், பொதுவில் மோதிக்கொள்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது. அதனால் இந்தத் தடவை கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கிண்ணத்தில் போட்டுவிட வேண்டும். அவன் எடுத்து வாசிப்பான். சமையலறையும் ஒரு சீட்டு எழுதிப் போடலாம்.

ஆர்லிஸ் கத்தியைத் துடைத்து வைத்தாள்.

"அப்படியா. இது வித்தியாசமா இருக்கே" என்றாள்.

ஆர்டனின் காது சிவந்தது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த ஒரு சொல்லின் பொருள் தெரியாமல் இருக்காது. அதைவிடக் கடுமையாக யாரும் யாரையும் அங்கே ஏசுவதில்லை. ஆனாலும் புரியாதவன் மாதிரி, "நன்றி ஆர்லிஸ், நீ ஒத்துக்குவேன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனான்.

"ஒத்துக்கிட்டியாமே" என்றாள் லவான்.

"ஷட்டருக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேலை செய்யுதான்னு பாரு" என்றாள் ஆர்லிஸ்.

லவான் போய் இழுத்துப் பார்த்தாள். துரு ஏறியிருந்தது. பன்றித்தொடையின் கொழுப்பை விரலில் தொட்டுத் தடவி, இரண்டு தரம் இழுத்துவிட்டாள். வழுக்கிக்கொண்டு விழுந்தது.

பரிமாறும்போது ஆர்லிஸ் வேட்பாளர்கள் இருவரையும் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். காலின் வெதர்பி நகரத்து வக்கீல். சட்டைக் கையை முழங்கை வரை ஒரே அளவாக மடித்திருந்தார். பரிமாறிய ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு, அந்தப் பெயரையே திரும்பச் சொல்லி நன்றி சொன்னார். ஜோன் ஃப்ளூகர் தொகுதியின் தெற்குக் கோடியில் தம்பியோடு டயர் கடை நடத்துகிற பெண்மணி, மாவட்ட நிர்வாகக் குழுவின் பழைய உறுப்பினர். யார் பெயரையும் கேட்கவில்லை. இரண்டாவது முறை வந்து உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டார். தட்டைப் பன்னால் துடைத்துச் சாப்பிட்டார்.

"அந்தம்மா பசியோட வந்திருக்கு. பாதி ஓட்டு இப்பவே கொடுத்துட்டேன்" என்றாள் லவான்.

ஷட்டர் இறங்கியது. பேச்சுகள் தகரத்துக்கு அப்பால் முணுமுணுப்பாகக் கேட்டன. வெதர்பியின் குரல் ஏறி இறங்கி, சரியான இடங்களில் நின்று, கைதட்டல் வாங்கியது. ஃப்ளூகர் சீக்கிரம் முடித்துவிட்டார். ஆர்லிஸ் கெட்டில்களை அடுப்பில் ஏற்றினாள். ஆர்டன் சீட்டு எடுத்து வாசிக்கத் தொடங்கினான். ஏரி மீன்பிடி உரிமத்தைப் பற்றி ஒன்று. பிடித்த ஜனாதிபதி யார் என்று ஒன்று. லவான் கையிலிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாலைந்து சீட்டுக்குப் பிறகு ஆர்டன், "இப்போ நம்ம பேர்போன காபி" என்றான். எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஷட்டர் ஏறவில்லை.

ஆர்டன் விரலால் தட்டினான். பிறகு முட்டியால் தட்டினான்.

"ஆர்லிஸ், காபி."

"இருக்கு."

"அப்போ தொறயேன்."

"சமையலறை இன்னும் கேக்கல ஆர்டன்."

"அதான் சீட்டு எழுதிப் போடச் சொன்னேனே."

"என் கை ஈரமா இருக்கு."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். ஆர்டன் குரலைத் தாழ்த்தி, விருந்தாளிகள் முன்னால் இப்படிச் செய்யலாமா என்று கேட்டான். கெட்டிலில் கட்டி பொங்கி மேலே வந்துகொண்டிருந்தது. லவான் பச்சைத்தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆர்லிஸின் முகத்தைப் பார்த்தாள். ஆர்லிஸ் தலையை ஆட்டினாள். தண்ணீர் உள்ளே போனது. தூள் அடியில் இறங்கியது. அடுப்பை மட்டும் அவள் அணைக்கவில்லை. வாசனை ஷட்டரின் இடுக்கு வழியாக மண்டபத்துக்குப் போகட்டும் என்று விட்டாள்.

போனது. கொஞ்ச நேரத்தில் பின்மேசையிலிருந்து ஒரு முரட்டுக் குரல் வந்தது. "கேக்க விடுப்பா ஆர்டன். எனக்கு நாப்பது ஏக்கர் புல்லு தரையில கெடக்கு."

"வழக்கம் வழக்கம்தானே" என்றது இன்னொரு குரல். மேசையில் ஸ்பூனால் தட்டுகிற சத்தம் ஆரம்பித்தது. அவர்களைப் பொறுத்தவரை அது ஒரு கலவரம்.

ஆர்லிஸ் ஷட்டரை ஒரு முழம் உயர்த்தி, அந்த இடைவெளியில் ஒரு மாவு டப்பாவை முட்டுக்கொடுத்தாள். முழுக்க ஏற்றினால் காபியைக் கொடுத்துவிட வேண்டியிருக்கும். குனிந்து பார்த்தபோது முகங்கள் தெரியவில்லை. மேசைகளும், மேசை மேல் கைகளும் மட்டும் தெரிந்தன. மூன்றாவது மேசையில் வெர்லினின் இடது கை. ஊசி ஏற்றுவதற்காக அறுவை செய்த நரம்பு முழங்கை மடிப்பில் கயிறு மாதிரி புடைத்திருந்தது.

"என் பேர் ஆர்லிஸ் ஹோவ்லண்ட்" என்றாள். குரல் தகரத்தில் மோதிப் பெரிதாகக் கேட்டது. "நவம்பர்ல இந்த ஊர் டயாலிசிஸ் மையத்த மூடப்போறாங்க. மூடக் கூடாதுன்னு நீங்க ரெண்டு பேரும் வெளிப்படையா நின்னு சொல்வீங்களா, மாட்டீங்களா? அதுதான் கேள்வி. வேற ஒண்ணும் இல்ல."

வெதர்பி முதலில் பதில் சொன்னார். மேடம் எழுப்பியது மிக முக்கியமான பிரச்சினை என்றார். நாடு முழுக்கக் கிராமப்புற மருத்துவம் தேய்ந்துவருவதைப் பற்றி, அரசு காப்பீட்டின் கட்டண விகிதங்களைப் பற்றி, தன் பாட்டனாரின் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னார். எல்லாம் உண்மையாகத்தான் இருந்தது. கேட்கவும் நன்றாக இருந்தது.

"ஆமாவா, இல்லையா?" என்றாள் ஆர்லிஸ்.

முதலில் எல்லாத் தரப்பையும் கேட்டுவிட்டு என்று அவர் தொடங்கினார். லவான் ஷட்டரைத் தாண்டிக் கேட்கும்படி, "காபி ஆறுது" என்றாள்.

ஃப்ளூகர் எழுந்தார். "நான் உள்ளதச் சொல்லிடறேன். மையம் மூடுறதப் பத்திப் பேப்பர்ல பாத்துட்டு, மாநில சுகாதாரத் துறைக்குப் போன் பண்ணினேன். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? நோயாளிங்க ஒவ்வொருத்தரையும் நேர்ல கேட்டாச்சாம். ஒருத்தர்கூட ஆட்சேபிக்கலையாம். எல்லாரும் சமாளிச்சுக்கறோம்னு சொல்லிட்டாங்களாம்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் சண்டை போடுறவதான். ஆனா நீங்களே பரவால்லன்னு சொன்னதுக்கப்புறம், நான் எதுமேல நின்னு சண்டை போடுறது?"



ஆர்லிஸுக்கு நூலகமும், டோனட் பெட்டியும், தான் தலையை ஆட்டியதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அந்த ஆள் பொய் எழுதவில்லை. இவர்கள் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டு போயிருக்கிறான். அவள் வெர்லினைப் பற்றி இந்த மண்டபத்தில் சொல்லிவிடலாம். வண்டியில் அவன் சொன்ன வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அது அவன் சொல்ல வேண்டியது. மூன்றாவது மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கை மேசை விளிம்பைப் பிடித்தது. அழுத்தியது. பிறகு மேலே எழும்பி, ஷட்டருக்கு மேலே போய் மறைந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றது வெர்லினின் குரல். "மொதல்ல சொன்னது நான். மத்தவங்க என்னப் பாத்துதான் சொன்னாங்க. அந்த ஆள் டோனட் எல்லாம் வாங்கிட்டு வந்திருந்தான். முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்றது மரியாதையா தெரியல."

யாரும் சிரிக்கவில்லை.

"அது பொய். என்னால சமாளிக்க முடியாது. அந்த ரோட்ட எனக்குத் தெரியும். ஜனவரியில டோவ்ரே குன்றுமேல பால் வண்டி ரெண்டு தரம் சறுக்கி ஓடைப்பக்கம் போயிருக்கு. இவகிட்டகூட அத நான் சொன்னதில்ல. அப்போ எனக்குக் காலு நின்னுச்சு. இப்போ ஊசிய எடுத்தா நிக்காது. இவதான் ஓட்டணும். இவ காலையில உங்க பிள்ளைங்களுக்குச் சமைக்கிறா." மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "பனி விழுந்தா நிறுத்திடலாம்னு இருந்தேன். ஓ கிளேருக்கு போறத மட்டும் இல்ல. எல்லாத்தையும். இவகிட்ட சொல்லிட்டேன், இவ ஒண்ணும் பேசல. சூப் வச்சுக் குடுத்தா. இப்போ அத மாத்திக்கறேன். நான் எதையும் நிறுத்தப்போறதில்ல. மூடுறத அவங்க நிறுத்தட்டும்."

பிறகு முன்மேசையிலிருந்து ஹேசல் எல்ஸ்டாட், தும்மியதற்கு மன்னிப்புக் கேட்கிறவள் மாதிரி, "என்னாலயும் முடியாதுதான்" என்றாள். சுவரோரம் நின்றிருந்த ஒருவர், தன் தம்பியால் இன்றைக்கு வர முடியவில்லை, ஆனால் அவனாலும் முடியாது என்றார். இன்னும் இரண்டு குரல்கள் வந்தன. எல்லாம் சின்னக் குரல்கள்.

"இத மாநில அதிகாரிங்க முன்னாடி சொல்வீங்களா?" என்று கேட்டார் ஃப்ளூகர்.

"இங்க வந்தா சொல்றேன்" என்றான் வெர்லின். "அவ்வளவு தூரம் போக முடியாதுன்னுதானேம்மா இவ்வளவு நேரம் சொல்லிட்டிருக்கேன்."

அப்போதுதான் மண்டபம் சிரித்தது. ஃப்ளூகரும் சிரித்துவிட்டு, இதே மண்டபத்தில் விசாரணை நடத்தும்வரை அவர்களைத் தினமும் போனில் அழைப்பேன் என்றார். மூடக் கூடாது, அவர் பதில் அதுதான். வெதர்பி மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஆமா" என்றார். "என் பதிலும் அதான். மொதல்லயே சொல்லியிருக்கணும்."

ஆர்லிஸ் மாவு டப்பாவை எடுத்துவிட்டு ஷட்டரை முழுக்க ஏற்றினாள். ஆர்டன் எதிரே நின்றுகொண்டிருந்தான். கிண்ணத்தில் இன்னும் நிறையச் சீட்டுகள் இருந்தன. அதைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலே காபித் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனான்.

காபி அதற்குள் கசந்துபோயிருந்தது. அவளுக்கு நிறத்திலேயே தெரிந்தது. யாரும் குறை சொல்லவில்லை. நல்லா இருக்கு, மோசமில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்றலாம் என்று மேசைக்கு மேசை சொன்னார்கள்.

"பாருடி, இன்னும் திருந்தல" என்றாள் லவான்.

வெர்லினுக்கு டாக்டர் சொன்ன அளவு அரைக் கோப்பைதான். அதை ஆர்லிஸே கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள். அவன் ஒரு வாய் குடித்தான். முகத்தைச் சுளித்தான்.

"கசக்குது" என்றான்.

"தெரியும்" என்றாள். அவன் தோளில் கையை வைத்தாள், எடுத்துக்கொண்டாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. ஆண்கள் ஆப்பிள் பையை விழுங்கிக்கொண்டே வண்டிகளை நோக்கி ஓடினார்கள்.

ஆகஸ்டில் நடந்த உட்கட்சித் தேர்தலில் வெதர்பி வென்றார். நவம்பர் பொதுத் தேர்தலில் அவர் தோற்றார். செப்டம்பர் இறுதியில் மாநில சுகாதாரத் துறையின் விசாரணை டோர்வால்ட் தீயணைப்புப் படை மண்டபத்தில் நடந்தது. மையத்தின் நோயாளிகள் அனைவரும் முடியாது என்று சொன்னார்கள். மையத்தை மூடும் முடிவை நிறுவனம் இரண்டு வருடங்களுக்குத் தள்ளிவைத்தது. மன்றத்தின் அடுத்த விருந்தில் சீட்டுக் கிண்ணம் வைக்கப்படவில்லை. வெர்லின் ஹோவ்லண்ட் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் சிகிச்சைக்குப் போய்வருகிறார்.